மகள் வேளாண்மை படிப்பதா, சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பதா? நொய்யல் கரையிலிருந்து ஒரு கேள்வி

1. நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து சேர்ந்த ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஆற்றை ஒட்டி எங்களுக்கு ஆறு ஏக்கர் நிலம் இருக்கிறது. என் தந்தையார் காலத்தில் மஞ்சளும் வாழையும் விளைந்த மண்ணில் இன்று மாட்டுக்குச் சோளத்தட்டும், வரப்போரத்தில் தென்னையும் மட்டுமே நிற்கின்றன. மகள் இந்த ஆண்டு உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். உறவினர்கள் அனைவரும் வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள், அரசு வேலை கிடைக்கும் என்கிறார்கள். அவளோ சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். அதற்கு அவள் சொல்லும் காரணம் ஒன்றே. மழை பெய்தால் எங்கள் மேட்டுக் காட்டில் நீர் இறங்கிவிடுகிறது. கிணற்றடி வயலில் மட்டும் மூன்று நாட்கள் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் நிற்கிறது. அது ஏன் என்று சிறு வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கு விடை தெரியவில்லை. இவ்விரு படிப்புகளிலும் உண்மையில் என்ன கற்பிக்கிறார்கள், எது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

2. கடைக்கணக்கு

ஐயா, நான் வேளாண்மைப் பட்டம் பெற்றுவிட்டு உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை நடத்துகிறேன். பிழைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் வேளாண்மை அலுவலர் தேர்வை எழுத வேளாண்மைப் பட்டம் வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கும் வேளாண்மையோ அதனைச் சார்ந்த நான்காண்டுப் பட்டமோ கேட்கிறார்கள். இந்திய வனப் பணித் தேர்வுக்கான தகுதிப் பாடங்களிலும் வேளாண்மை இருக்கிறது. 2015-இல் பூச்சிக்கொல்லி விதிகள் திருத்தப்பட்ட பிறகு, மருந்துக் கடை உரிமம் பெறுவதற்கே வேளாண்மை, வேதியியல், தாவரவியல் போன்ற படிப்பு ஏதேனும் தேவைப்படுகிறது. சுற்றுச்சூழல் அறிவியலில் இளநிலைப் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு இவ்வளவு வாசல்கள் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னுடன் படித்தவர்களில் இன்று சேற்றில் கால் வைப்பவர்கள் சிலரே. பெரும்பாலானோர் வங்கியில் அமர்ந்து நகைக்கடன் விண்ணப்பங்களில் கையொப்பமிடுகிறார்கள்.

3. மண்குழி

மண்ணியல் துறையில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மகளின் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் அந்த விடையிலேயே படிப்பைப் பற்றிய விடையும் இருக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் ஒட்டுவதற்காகச் சாயக்குளியலில் சமையல் உப்பையோ சோடியம் சல்பேட்டையோ பெருமளவில் சேர்ப்பார்கள். சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு கழிவுநீரோடு வெளியேறும். அந்த நீர் ஆற்றிலும், ஆற்றிலிருந்து கிணற்றிலும், கிணற்றிலிருந்து வயலிலும் சேரும்போது, களிமண் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் அங்கே அமர்ந்துகொள்கிறது. கால்சியம் களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டிகளாக வைத்திருக்கும். அக்கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாகத்தான் நீரும் காற்றும் இறங்கும். சோடியம் அந்தப் பிடிப்பைக் குலைத்துத் துகள்களைச் சிதறடிப்பதால் சந்துகள் அடைபட்டுப் போகின்றன. மழைநீர் தட்டில் நிற்பதுபோல் நிற்பதும், காய்ந்த பிறகு மண் பாளம் பாளமாக வெடிப்பதும் இதனால்தான். மேட்டுக் காட்டுக்குக் கிணற்று நீர் பாய்ச்சியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் அது தப்பித்திருக்கலாம். இருந்தாலும் மண்ணைப் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்வது முறையன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் மக்கள் உவர் என்றும் களர் என்றும் தனித்தனியே பெயர் வைத்திருப்பது சும்மா அன்று. கரையும் உப்புகள் மிகுந்து, நிறைநிலைச் சாறின் (மண்ணை நீரில் குழைத்துப் பிரித்தெடுத்த நீரின்) மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் நிலம். நல்ல நீரைக் கட்டி வடியவிட்டால் உப்பு கழுவப்பட்டுவிடும். களித்துகள்களில் ஒட்டிய அயனிகளில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டி, கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் அது களர் நிலம். அதை நீரால் மட்டும் கழுவ முடியாது. சோடியத்தை வெளியேற்ற அதன் இடத்தில் வேறொன்றை அமர்த்த வேண்டும். அதற்காகத்தான் ஜிப்சம் இடுகிறோம். ஜிப்சத்திலுள்ள கால்சியம் மீண்டும் களியில் அமரும், பெயர்ந்து வரும் சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து வடியும். வடிகால் வெட்டாமல் ஜிப்சத்தை மட்டும் கொட்டினால் செலவுதான் மிஞ்சும். பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, திருச்சி 1 போன்ற களர் தாங்கும் நெல் இரகங்களை நடுவது என்று சீர்திருத்தம் பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும்.

இவையனைத்தும் வேளாண்மைப் பட்டப்படிப்பில் உள்ளவை. நான்காண்டுகள், எட்டுப் பருவங்கள். மண்ணியல், உழவியல், பயிர்ப் பெருக்கம், பூச்சியியல், நோயியல், தோட்டக்கலை, வேளாண் பொருளாதாரம், விரிவாக்கக் கல்வி ஆகிய அனைத்தையும் ஒரு மாணவர் கடந்து வரவேண்டும், சுற்றுச்சூழல் அறிவியலும் அதில் ஒரு பாடம். அகலம் மிகுதி, ஆழம் குறைவு என்று குறை சொல்வார்கள். அது ஓரளவு உண்மையே. ஆழம் முதுநிலையில்தான் வரும். எனக்குப் பிடித்த வகுப்பு முதலாண்டில் மண்குழி வெட்டிப் பார்ப்பது. தோண்டச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்கள், குழிக்குள் இறங்கி மண் அடுக்குகளின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிடத் தொடங்கிய பிறகு, மணியடித்தாலும் மேலே வரமாட்டார்கள்.

4. வடிநீர்

நான் கலைக் கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் அறிவியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, தனியார் ஆய்வகத்தில் கழிவுநீர் பரிசோதிக்கிறேன். எங்கள் படிப்புக்காக ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வரப்புக்குள் என்ன விளைகிறது என்பதில் வேளாண்மை மாணவரின் பார்வை தொடங்குகிறது. வரப்பைத் தாண்டி வழியும் நீர் எங்கே போகிறது, அதில் என்ன கலந்திருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதிலிருந்து நாங்கள் தொடங்குகிறோம். சூழலியல், காற்று மாசு, நீர் வேதியியல், திடக்கழிவு, சுற்றுச்சூழல் சட்டம், தாக்க மதிப்பீடு ஆகியவை எங்கள் பாடங்கள். பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பை எங்களுக்கு வரி வரியாகக் கற்பித்தார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகும் என்று நீதிமன்றம் அதில்தான் கூறியது. நொய்யல் வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு அவை மாற வேண்டியிருந்ததையும் அவ்வாறே படித்தோம். தண்ணீர் மாதிரி எடுத்தவர்களும் அளந்தவர்களும் இருந்ததால்தான் இத்தகைய வழக்குகள் நின்றன.

ஆனாலும் எங்கள் படிப்பின் குறை ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். கழிவுநீரில் கரைந்த மொத்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பை மனப்பாடமாக வைத்திருந்தேன். எண் அதற்குள் இருந்தால் தேர்ச்சி, மீறினால் தவறு என்பதே என் கணக்கு. அந்த உப்பில் சோடியம் எவ்வளவு, கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் அந்நீர் ஒரு வயலை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது என்பதை, வேளாண்மை படித்துவிட்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒருவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். மண்குழி ஐயா எழுதியதைப் படித்தபோது அந்த நாள் நினைவுக்கு வந்தது.

வேலையைப் பொறுத்தவரை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் பணியிடங்களுக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். அறிவியல் பணியிடங்களுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆகவே எங்கள் துறையில் இளநிலையோடு நிறுத்திவிட முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. இறுதியாண்டு

நான் வேளாண்மை நான்காம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பறையைவிடக் கிராமத் தங்கல் பருவத்தில்தான் அதிகம் கற்றேன். இறுதியாண்டில் ஒரு பருவம் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் குழுவாகக் கிராமங்களில் தங்கி உழவர்களோடு வேலை செய்யவேண்டும். முதல் வாரம் ஊர் மந்தையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தைப் போட்டோம். நாங்கள் வரைந்ததில் ஓடை தவறான பக்கம் ஓடியது என்று ஒரு பாட்டி துடைப்பத்தால் அழித்துவிட்டுத் தாமே சரியாகப் போட்டார். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் அளவு பார்த்து, அதில் நெல் விதையைப் போட்டுப் பதரைப் பிரித்துக் காட்டினோம். பாதிப் பேர் எங்கள் தாத்தா செய்ததுதானே என்றார்கள், மீதிப் பேர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சுற்றுச்சூழலும் வேளாண்மையும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி ஒருவர் நெல் வயலில் ஒளிபுகும் பெட்டிகளைக் கவிழ்த்து, ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை எடுத்து மீத்தேனை அளந்தார்; நான் சில வாரங்கள் உதவிக்குப் போனேன். எந்நேரமும் நீர் தேங்கிய வயலில், காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. ஆனால் மண் காய்ந்தும் நனைந்தும் மாறும்போது தழைச்சத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் என்றால், நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 270 மடங்கு பிடிக்கும். எனவே நீரை எப்போது நிறுத்துவது என்பதோடு யூரியாவை எப்போது இடுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. இது எந்தத் துறையின் கேள்வி என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

6. இயற்கைவழி

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. நிலத்தைக் கெடுத்ததில் சாயப்பட்டறைக்கு இருக்கும் பங்கைப் போலவே வேளாண் கல்லூரிகளுக்கும் பங்கு உண்டு என்று யாரும் சொல்லவில்லையே? யூரியாவையும் பூச்சிக்கொல்லியையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இந்தப் பட்டதாரிகள்தானே? இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அரசுப் பண்ணை வேலையை விட்டு வெளியேறியது எதனால்? பெண்ணுக்கு மண்ணின் மேல் உண்மையான பற்று இருந்தால், நான்கு ஆண்டுகளை வகுப்பறையில் கழிப்பதைவிட ஓர் இயற்கைப் பண்ணையில் கழிப்பதே மேல்.

7. மண்குழி

உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஏற்கிறேன். ஒரு காலத்தில் நாங்கள் பரிந்துரைகளை மண்ணைப் பார்த்து எழுதவில்லை, மாவட்டத்தைப் பார்த்து எழுதினோம்.

ஆனால் நம்மாழ்வாரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் 1960-களில் பணியாற்றி, அங்கே நடந்தவை மானாவாரி உழவருக்குப் பயன்படவில்லை என்று கண்டபிறகே வெளியேறினார். எதை மறுக்கிறோம் என்பதை உள்ளே இருந்து அறிந்தவரின் மறுப்பு அது. மறுபக்கம், கோவை வேளாண் கல்லூரியில் பட்டம் பெற்ற எம்.எஸ். சுவாமிநாதன், பசுமைப் புரட்சி தொடங்கிய வேகத்திலேயே, 1968 சனவரியில் வாரணாசியில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், மண்வளத்தைப் பேணாத தீவிரச் சாகுபடியும், கண்மூடித்தனமான மருந்துப் பயன்பாடும், நிலத்தடி நீரை வரையின்றி இறைப்பதும் கேட்டில் முடியும் என்று எச்சரித்தார். ஒருவரை ஏற்று மற்றவரைத் தூற்றுவது எளிது. இருவரையும் படித்துவிட்டு வயலில் இறங்கும் மாணவர்களே எனக்குப் பிடித்தவர்கள்.

8. இரணைமடு

இலங்கையின் கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் பயின்றவன். எங்களிடம் உயர்தரத்தில் (உங்கள் பிளஸ் டூ போன்றது) உயிரியல் படித்து, இசட் புள்ளி எனப்படும் சமன்செய்த மதிப்பெண்ணின் அடிப்படையில் பீடம் கிடைக்கும், கற்கைமொழி ஆங்கிலம். மேலே எழுந்த விவாதத்துக்கு எங்கள் நாட்டின் 2021-ஆம் ஆண்டைவிடச் சிறந்த பாடம் இருக்க முடியாது என்பதால் எழுதத் துணிந்தேன்.

அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. இடைப்பட்ட மாதங்களில் வயல் செய்தவர்கள் பட்ட பாட்டை நான் நேரில் கண்டவன். சேதனப் பசளை (இயற்கை உரம்) கூடாது என்று நான் சொல்லவில்லை, அதை விரும்பிச் செய்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பயிருக்கு 100 கிலோ நைதரசன் (தழைச்சத்து) தேவையென்றால், 46 வீதம் (விழுக்காடு) நைதரசன் உள்ள யூரியாவில் அது ஏறத்தாழ 217 கிலோ. ஒரு வீதம் மட்டுமே உள்ள கூட்டெருவில் அது 10 தொன். அந்தப் பத்துத் தொன்னிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். இத்தனை எருவை எங்கே ஆக்குவது, எதில் ஏற்றுவது, எத்தனை ஆண்டுகளில் படிப்படியாக மாறுவது என்ற கேள்விகளை எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். பண்ணையில் கழிக்கும் நான்கு ஆண்டுகள் நல்லவைதான், அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் கழித்தால் இன்னும் நல்லது.

9. நொய்யல்கரை

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மண்குழி ஐயா எழுதியதை மகளிடம் கொடுத்தேன். சோடியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும் பகுதியை மூன்று முறை படித்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் வெடித்த மண் பாளம் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மேட்டுக் காட்டு மண்கட்டி அப்படியே கிடந்தது, கிணற்றடி மண்ணோ சிறிது நேரத்தில் பால்போல் கலங்கிவிட்டது.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. முதலில் வேளாண்மை படித்துவிட்டுப் பிறகு சுற்றுச்சூழலுக்கு மாற முடியுமா? தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தால் சேர்க்கலாமா?

10. இறுதியாண்டு

முடியும். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலேயே சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனித் துறையும் முதுநிலைப் படிப்பும் உள்ளன. மறுதிசையில் வருவதுதான் கடினம். உழவியலிலோ மண்ணியலிலோ முதுநிலை படிக்க இளநிலையில் வேளாண்மை வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் தங்கையாக இருந்தால் வேளாண்மையை முதலில் எழுதச் சொல்வேன்.

மாநில இடங்களுக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

11. கடைக்கணக்கு

தனியார் கல்லூரி பற்றி ஒரு சொல். அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியா, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத இடத்தில் படித்துவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது தவிக்கிறார்கள். அதோடு கல்லூரிக்குச் சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். விளம்பரப் பலகையில் பசுமை எல்லா இடத்திலும் இருக்கும். என் கடைக்கு வந்த பட்டதாரி ஒருவருக்கு இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் வேறுபாடு தெரியவில்லை; படிக்கும்போது தாமே பிடித்துச் சேர்க்க வேண்டிய பூச்சிப் பெட்டியை விலைக்கு வாங்கி ஒப்படைத்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

12. வடிநீர்

இறுதியாண்டு சொல்வதை மறுப்பதற்கு எனக்கு மனமில்லை, இருந்தாலும் ஒன்றைச் சேர்க்கிறேன். வேளாண்மையில் சேர்ந்தாலும் நீர் வேதியியலையும் சட்டத்தையும் தானாகவே படித்து வரட்டும். ஒரு வயலின் கேட்டுக்கு விடை கண்டுபிடிப்பதோடு அந்தக் கேள்வி நிற்காது. எந்த நீர், எந்த ஆண்டில், எவ்வளவு வந்தது என்று எழுதி வைத்தவர்களின் சொல்தான் நீதிமன்றத்தில் எடுபடும். அவளிடம் இப்போதே ஒரு குறிப்பேடு கொடுங்கள் ஐயா. கிணற்று நீர்மட்டம், மழை அளவு, வயலில் நீர் நின்ற நாட்கள் ஆகிய மூன்றை மட்டும் எழுதி வந்தால் போதும்.

13. நொய்யல்கரை

குறிப்பேடு வாங்கியாயிற்று. விருப்பப் பட்டியலில் வேளாண்மையை முதலிலும், கலைக் கல்லூரியின் சுற்றுச்சூழல் அறிவியலை மாற்றாகவும் வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு விடுதியை நினைத்து இன்னும் கலக்கம், அதை நாங்கள் பேசிக்கொள்கிறோம். கலந்தாய்வுக்கு முன்பே மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். எப்படி எடுப்பது என்று மண்குழி ஐயா சொல்வாரா?

14. மண்குழி

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன். கிணற்றடி வயலையும் மேட்டுக் காட்டையும் கலக்காமல் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில வி எழுத்தைப்போல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சரிவில் மேலிருந்து கீழாக ஒரே சீராகச் செதுக்கி எடுக்கவேண்டும். அனைத்தையும் தாளில் கொட்டிக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை மறுபடி மறுபடி அப்படியே செய்யட்டும். நிழலில் உலர்த்துங்கள், உரச் சாக்கில் மட்டும் போடாதீர்கள். களர் என்ற ஐயம் இருப்பதால் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்திலும் தனியாக ஒரு மாதிரி வேண்டும்; ஜிப்சம் எவ்வளவு தேவை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்படி ஆய்வகத்தில் கேளுங்கள்.

கிணற்று நீரையும் கொடுக்கவேண்டும். மோட்டாரைப் போட்டுச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகு, அதே நீரால் புட்டியை இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, ஒரு லிட்டர் பிடித்து, இடைவெளியின்றி மூடி, நாளும் கிணற்றின் பெயரும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் சோடியம், கால்சியம், மெக்னீசியம் ஆகிய மூன்று எண்களையும் இங்கே எழுதட்டும். மற்ற இரண்டோடு ஒப்பிடச் சோடியம் என்ன விகிதத்தில் இருக்கிறது என்ற கணக்கை நான் போட்டுக் காட்டமாட்டேன், அவள் போட்டதைத் திருத்தித் தருகிறேன்.